அப்படியும் வச்சுக்கலாம்

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுத நினைத்தாலும் எந்தப் பெயரை எழுதுவது? அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் ஒரு பெயர், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் கூப்பிட ஒரு பெயர். அட்டைக்குப் பதிந்தவர் சிங்களத்தில் ஓர் எழுத்தைத் தின்றுவிட்டார். செக்ரோல் எழுதிய கணக்கப்பிள்ளைக்கு நீளப் பெயர்கள் ஆகாது, பாதியை வெட்டிவிட்டார். மூன்றில் எதைச் சொன்னாலும் “என்னாங்க?” என்று திரும்பிப் பார்ப்பார். “உங்க சரியான பேர் எதுக்கா?” என்று ஒருநாள் கேட்டேன். “எதச் சொல்லிக் கூப்பிட்டாலும் நான்தானே தம்பி எந்திரிச்சு வரப்போறேன்” என்றார்.

அவரைப் பற்றி யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. “அப்படியும் வச்சுக்கலாம்.” சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிப்பு என்றால் பெரிய சிரிப்பு இல்லை. மேல் வரிசையில் ஒரு பல் விழுந்திருந்ததால் உதட்டை மூடியபடி சிரிப்பார். எனக்கு ஆரம்பத்தில் அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். இப்படியும் ஒரு மனுஷி இருப்பாளா என்று நினைத்திருக்கிறேன். இன்றைக்கு அப்படி நினைக்க எனக்கு அருகதை இல்லை.

மாத்தளை டவுனில் அவருடைய அக்கா மகளுக்குக் கல்யாணம். தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, நல்ல சேலை கட்டி, பூவெல்லாம் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். வாசலில் நின்ற மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருத்தி, “சமையலுக்கு ஒத்தாசைக்கு வரச் சொன்னது ஒங்களத்தானே? ஏன் இவ்வளவு நேரம்?” என்று கேட்டாளாம். “அப்படியும் வச்சுக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய், ஒரு மூட்டை வெங்காயத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். தாலி கட்டுகிற நேரத்தில் சித்தியைக் காணோம் என்று தேடிப் பிடித்திருக்கிறார்கள். கண்ணெல்லாம் சிவந்திருந்ததாம். “அழுவுறீங்களா சித்தி?” என்று கல்யாணப் பெண் கேட்டதற்கும் அதே பதில்தான்.

இதை எனக்குச் சொன்னது அவரேதான். சொல்லும்போது அந்த மாப்பிள்ளை வீட்டு அம்மாவைப் போலக் கையை இடுப்பில் வைத்து நடித்துக் காட்டினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்போதெல்லாம் அவரோடு உட்கார்ந்து சிரிக்க என்னால் முடிந்தது.

எனக்கு உத்தியோகம் மாத்தளையில் ஓர் அலுவலகத்தில். கள உத்தியோகத்தர் என்று கழுத்தில் அட்டை தொங்கும். இந்தியாவிலிருந்து வந்த வண்ண மரப்பொம்மைக் கலையை மலையகத் தோட்டங்களில் மீட்டெடுப்பதுதான் எங்கள் திட்டம். மீட்டெடுப்பதென்றால் முன்பு அது இங்கே இருந்திருக்க வேண்டும், இல்லையா? அதை யாரும் கேட்கவில்லை. மாத்தளைப் பக்கத்தில் அரக்கு வேலை இல்லாமலும் இல்லை. சிங்கள ஊர்களில் பரம்பரையாகச் செய்கிறார்கள், அரக்கை நூலாக இழுத்துப் பெருவிரல் நகத்தாலேயே வெட்டிப் பூ வைப்பார்கள். கொழும்பிலிருந்து வரும் எங்கள் மேடத்துக்கு அது வேண்டாம். கப்பலேறி வந்த தமிழன் மடியில் கட்டிக்கொண்டு வந்த கலைதான் வேண்டும். அப்படி ஒருத்தரைக் கண்டுபிடித்தால் அந்தத் தோட்டத்துக்கு ஒரு கடைசல் மெஷின் கிடைக்கும். மரக்கட்டை அதில் சுழலும், உளியை வைத்தால் உருவம் வரும், அரக்குக் குச்சியை அழுத்தினால் அந்தச் சூட்டிலேயே நிறம் உருகிப் பிடிக்கும்.

கடைசல் என்ற சொல்லையே நான் இந்த உத்தியோகத்துக்கு வந்த பிறகுதான் ஒரு காகிதத்தில் படித்திருந்தேன். ஒருநாள் படிவங்களைத் தூக்கிக்கொண்டு அந்த றப்பர் தோட்டத்துக்குப் போனேன். நல்ல மழை. கூரைத் தகரத்தின் மேல் அது கொட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அன்றைக்கு வரிசையில் நின்ற பன்னிரண்டாவது ஆளோ பதின்மூன்றாவது ஆளோதான் அவர். காலையில் பால் வெட்டிவிட்டு அப்படியே வந்திருந்தார், கையெல்லாம் றப்பர் பால் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

“ஒங்க குடும்பம் பரம்பரையா என்னாங்க?” என்று கத்தினேன்.

“நாங்க பரம்பரையா கடசி லயங்க! எங்க தாத்தா காலத்துலேருந்து!”

என் காதில் விழுந்தது ‘கடசலுங்க’ என்று.

“கடைசலா?” என்று திரும்பக் கேட்டேன்.

அவர் காதில் அது ‘கடைசியிலா’ என்று விழுந்திருக்கிறது. “ஆமாங்க, கடைசியிலதான்!” என்று பெரிதாகத் தலையாட்டினார். குடும்பத்தின் பாரம்பரியக் கைத்தொழில் என்ற இடத்தில், கடைசல் வேலை, மூன்று தலைமுறை, என்று நான் எழுதினேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு மாதமாக ஒருத்தரும் கிடைக்காமல் அலைந்து, மேடத்திடம் நாளுக்கொரு திட்டு வாங்கிக்கொண்டிருந்தவன் நான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது? நானும் லயத்தில் பிறந்தவன்தான். எனக்கு ஏழு வயதில் அப்பா டவுனில் ஒரு கடைக்கு வேலைக்கு வந்தார், அதோடு நாங்களும் வந்துவிட்டோம். யாராவது ஊர் எது என்று கேட்டால் மாத்தளை டவுன் என்றுதான் சொல்வேன். லயம் என்ற சொல்லைக் கேட்டால் வேறு பக்கம் பார்க்கப் பழகியவன். மழையைக் குற்றம் சொல்லி என்ன பயன்? லயத்தில் பிறந்தவன் காதில் லயம் விழவில்லை.

மெஷின் வந்தது. தோட்டத்துப் பழைய பிள்ளைக் காம்பராவில், அதாவது தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் அறையில், அதைப் பொருத்தினோம். பழக்குவதற்கு இந்தியாவிலிருந்து ஒரு மாஸ்டர் ஒரு மாதம் வந்து தங்கினார். முதல் வாரம் யார் உளியை வைத்தாலும் கட்டை பிய்த்துக்கொண்டு போகும் என்று சொல்லியிருந்தார். இவர் வைத்தார், சீவல் ஒரே இழையாகச் சுருண்டு சுருண்டு மடியில் விழுந்தது. மாஸ்டர் மெஷினை நிறுத்திவிட்டு அவருடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

“இந்தக் கை எங்கே பழகிச்சும்மா?”

“பால் வெட்டுலங்க.”

“பால் கறக்கறதா? மாடு நிறைய இருக்கா?”

“அப்படியும் வச்சுக்கலாம்” என்றார்.

மாஸ்டருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்திருக்க வேண்டும். றப்பர் மரத்தில் பட்டையை வெட்ட வேண்டும், உள்ளே இருக்கும் மரத்தைத் தொடவே கூடாது. ஒரு நூல் ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் இறங்காது. அதை ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரத்தில், இருபத்திரண்டு வருஷம், சாய்வான மலையில் நின்றுகொண்டு செய்த கை அது. எந்த முப்பாட்டனும் அந்தக் கையைக் கொடுக்கவில்லை, அவராகப் பழகியது. அடுத்த முறை வந்த மேடம், அவர் கடைந்த பம்பரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்து, “ரத்தத்துலயே இருக்கு, பாருங்க!” என்று என்னிடம் சொன்னார். நான் ஆமாம் போட்டேன். அதற்கு இவர் என்ன சொன்னார் என்று சொல்லத் தேவையில்லை.

நான் தப்பாகக் கேட்ட விஷயம் எனக்குத் தெரியவந்தது மெஷின் வந்த இரண்டாவது மாதத்தில். அவர் ஒருநாள் வேலைக்கு வரவில்லை, காய்ச்சல் என்றார்கள். பார்த்துவிட்டு வரலாம் என்று வீடு எங்கே என்று கேட்டேன். “கடசி லயத்துல கேளுங்க சார்” என்று ஒரு பெண் கையை நீட்டிக் காட்டினாள். கடசி லயம். அன்றைக்கு மழையில் அவர் கத்தியது அதுதான். மலையின் அடிவாரத்தில், எல்லா லயத்துக்கும் கீழே, தனியாக ஒரு வரிசை வீடு. போய் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். போர்வைக்குள் இருந்தபடி முதலில் உதட்டை மூடிச் சிரித்தார், பிறகு எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப மெஷின் அந்த வார்த்தைக்காகவா குடுத்தாங்க?”

“அப்படித்தான்கா.”

போர்வையை மடித்து ஓரமாக வைத்தார். “என்னைய எப்படி வேணும்னாலும் வச்சுக்கலாம் தம்பி. இதுல எங்கப்பா, தாத்தா எல்லாம் வாறாங்க. அவங்கள மாத்தக் கூடாது. நீங்க திருத்தி எழுதிருங்க. பால் வெட்டுறவதான், கை பழகியிருக்கு, வேணும்னா பாத்துட்டு வச்சுக்கட்டும், வேணாம்னா போகட்டும்.”

அன்றைக்குத்தான் அவருடைய அப்பாவைப் பற்றிச் சொன்னார். அந்த மனிதர் தோட்டத்தில் கான் வெட்டினவர். கான் என்றால் மழைத் தண்ணீர் ஓடுவதற்கு மலையில் குறுக்கே வெட்டும் வாய்க்கால். மேலே விழுகிற தண்ணீரெல்லாம் கடைசியில் கடசி லயத்துக்குத்தான் வந்து சேரும். அதனால் தோட்டத்து வேலை முடிந்த பிறகு, யாரும் சொல்லாமலேயே, லயத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கான் வெட்டினாராம். மூன்று மழைக்காலம் ஆனதாம் அதை முடிக்க. “மேல ரெண்டு லயம் மண்ணோட போச்சு. நாங்க இன்னும் இருக்கோம். அவரு வெட்டுன கான்லதான் தம்பி இன்னிக்கும் தண்ணி போவுது” என்றார். பின்கதவைத் திறந்து காட்டினார். தண்ணீர் போய்க்கொண்டுதான் இருந்தது.

“சரிக்கா, திருத்தி எழுதிடறேன்” என்றேன்.

எழுதவில்லை. என்னத்தைச் சொல்ல? அலுவலகத்துக்குப் போய் அந்தக் கோப்பை எடுத்து மேசையில் வைத்தேன். எனக்கு உத்தியோகம் நிரந்தரமாகாத சமயம். நான் கண்டுபிடித்த ஒரே ஆள் அவர்தான், மேடம் கூட்டத்துக்குக் கூட்டம் அதைச் சொல்லி என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் எழுதலாம் என்று கோப்பை மேசை லாச்சிக்குள் வைத்து மூடினேன். அடுத்த வாரமும் லாச்சியைத் திறக்கவில்லை. அவர் ஒரே ஒரு முறை கேட்டார், “எழுதிட்டீங்கதானே தம்பி?” என்று. “அப்பவே எழுதிட்டேன்கா” என்றேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை. மற்றவர் வார்த்தையைச் சந்தேகப்படத் தெரியாத மனுஷியிடம் பொய் சொல்வது எவ்வளவு லேசு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அந்த ஒரு வருஷத்தில் அவர் செய்த பொம்மைகளுக்குக் கணக்கில்லை. கிலுகிலுப்பை, தலையாட்டி, பெட்டி பெட்டியாகப் பூட்டிக் கழற்றும் ரயில். மஞ்சளை வைத்து, அது ஆறுவதற்குள் சிவப்பை வைத்து, இரண்டும் சேரும் இடத்தில் ஒரு கோடுகூட இல்லாமல் தாழை மடலால் தேய்த்து மினுக்குவார். முகம் பார்க்கலாம். சீகிரியா ஹோட்டல் கடைகளில் கண்ணாடி அலுமாரிக்குள் அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஆங்கிலத்தில் ஓர் அட்டை கட்டியிருந்தது, நான்கு தலைமுறைக் கடைசல் குடும்பத்தின் கைவேலை என்று. மூன்று எப்போது நான்கானது என்று கடவுளுக்குத்தான் தெரியும். “என்னா தம்பி எழுதியிருக்கு?” என்று ஒருநாள் கேட்டார். “நல்லா பாத்துக்கங்கன்னு எழுதியிருக்குக்கா, தண்ணி படக்கூடாதுன்னு” என்றேன். நாக்கு கொஞ்சம்கூடக் குளறவில்லை.

திட்டத்தில் ஒரு விதி இருந்தது, மெஷின்காரர் முழு நாளும் மெஷினில் இருக்க வேண்டும். அதற்காக அவர் தோட்டத்துச் செக்ரோலில் பேரை வெட்டிக்கொண்டார். ஒருமுறை பேரை வெட்டினால் திரும்பப் பதிய மாட்டார்கள். பிறகு வேலை கேட்டுப் போனால் கைக்காசு ஆள்தான், கூப்பிட்ட நாளைக்கு மட்டும் வேலை. இருபத்திரண்டு வருஷத்துப் பேர். அதை வெட்டச் சொன்னவனும் நான்தான், “பயப்படாதீங்கக்கா, மெஷின் ஒங்களுக்குத்தான்” என்று. தோட்டத்து ஆபீசிலிருந்து வெளியே வரும்போது அவர் முகத்தில் பயம் இல்லை. “பால் வெட்டுனா வாளி நெறையும். ஊத்துனா காலி. மறுநாளு மறுபடி வெட்டணும். இது பாருங்க தம்பி, செஞ்சா நிக்குது. நான் செஞ்சதுன்னு ஒண்ணு நிக்குது” என்றார். அந்த மெஷின் போய்விடக் கூடாது என்று அவர் ஒவ்வொரு நாளும் அதற்கு விபூதி பூசிவிட்டுத்தான் உட்காருவார்.

ஒருநாள் யாரும் கேட்காத ஒரு பொம்மையைச் செய்தார். ஒரு சாண் உயரம். தலையில் மஞ்சள் முண்டாசு, உடம்பு சிவப்பு, இடுப்பில் கறுப்புப் பட்டை, தோளில் சாய்த்த ஒரு தடி, அதன் முனையில் தட்டையாக ஏதோ. மேடம் அதைப் பார்த்துவிட்டு, “வாவ், ராஜா! செங்கோலோட!” என்றார். இவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உதட்டை மூடிச் சிரித்து, அப்படியும் வச்சுக்கலாம் என்றார். மேடம் போன பிறகு என்னிடம் மட்டும், “மம்பட்டி தம்பி, தெரியலையா? அப்பா” என்றார். அப்பாவை ராஜா என்று சொன்னதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதை ஜன்னல் ஓரத்தில் வைத்திருந்தார், விற்கக் கொடுக்கவில்லை.

படம் எடுக்க வந்த நாளுக்கு வருகிறேன்.

திட்டத்துக்குப் பணம் கொடுத்து உதவுகிறவர்களுக்கு அனுப்ப ஒரு சின்னப் படம் வேண்டும் என்றார்கள். பரம்பரைக் கலைஞர்கள் உள்ள தோட்டங்களுக்கு மட்டுமே மெஷின் தொடர்ந்து இருக்கும், மற்றத் தோட்டங்களிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று கடிதமும் வந்திருந்தது. கொழும்பிலிருந்து கேமராவோடு ஓர் ஆள் வந்தார், தமிழ்க்காரர்தான், மேடமும் கூட வந்தார். காலையில் இவருடைய கைகளை மட்டும் இரண்டு மணிநேரம் எடுத்தார்கள். உளி, சீவல், அரக்கு உருகுவது. கேமராக்காரர் “சூப்பர், சூப்பர்” என்றபடியே இருந்தார். பிறகு முகத்தில் வெளிச்சம் பிடித்து, ஒரு தாளைப் பார்த்து, “இத மட்டும் சொல்லுங்கம்மா” என்று வாசித்துக் காட்டினார்.

“என் கொள்ளுத்தாத்தா கப்பலில் வந்தபோது கையில் ஓர் உளியைக் கொண்டு வந்தார். என் தாத்தா பொம்மை செய்தார், என் அப்பா பொம்மை செய்தார், நான் பொம்மை செய்கிறேன்.”

“யாரு?” என்றார் அவர்.

“உங்க அப்பா.”

“எங்கப்பாவா?”

அப்போதுதான் அவர் என் பக்கம் திரும்பினார். என் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்திருக்க வேண்டும். திரும்பவும் கேமராக்காரரைப் பார்த்தார். “எங்க ஆளுங்க கப்பல்ல வாறப்ப ஒண்ணும் கொண்டு வரலீங்க. கட்டுன துணியோட வந்தாங்க. அப்பா கான் வெட்டுனாரு.”

கேமராக்காரர் சிரித்தபடி ஜன்னலில் இருந்த பொம்மையை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தார். “சரிம்மா, இந்த ராஜாவைப் பிடிச்சுக்கங்க. இது தாத்தா காலத்து டிசைன்னு சொல்லுங்க, போதும்.”

“இது ராஜா இல்லீங்க. இதுதான் எங்கப்பா. கையில மம்பட்டி.”

மேடம் வந்து பக்கத்தில் குந்தினார். அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். மெல்லத்தான் பேசினார். “அம்மா, ஒரு வரிதானே? யாருக்கும் இதால நஷ்டம் இல்ல. நீங்க எப்பவும் சொல்லுவீங்களே, அப்படியும் வச்சுக்கலாம்னு? அப்படி வச்சுக்கங்க. இந்த வரி இல்லாட்டி மெஷினை இங்க வைக்க என்னால முடியாது. விளங்குதா?”

விளங்கியது அவருக்கு. மெஷினைப் பார்த்தார். அதன் மேல் ஒரு சீவல் ஒட்டியிருந்தது, அதை எடுத்துக் கீழே போட்டார். மடியில் கிடந்த பொம்மையின் முண்டாசைப் பெருவிரலால் தடவினார். நான் மனதுக்குள், சொல்லித் தொலைங்கக்கா, சொல்லித் தொலைங்க, என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவருக்காகக் கெஞ்சினேன் என்று சொன்னால் அதுவும் பொய்.

“என்னைய எப்படி வேணும்னாலும் வச்சுக்கங்க மேடம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்றார். “அவர மாத்தி வைக்க முடியாது. மூணு மழை நனைஞ்சு வெட்டுனாரு. இவரு பொம்மை செஞ்சாருன்னு நான் சொன்னா அந்தக் கான யாரு வெட்டுனது?”

மேடம் எழுந்து என்னைப் பார்த்தார். “நீங்கதானே விபரம் எடுத்தது? என்ன இது?”

வாய் திறக்க வேண்டிய நேரம் அதுதான். ஒரே ஒரு வாக்கியம். மேடம், நான்தான் தப்பாக எழுதினேன், தெரிந்தும் ஒரு வருஷம் மறைத்தேன். அவ்வளவுதான். சொல்லியிருந்தால் அவருடைய கைக்காகவே மெஷினை விட்டுவைத்திருப்பார்களோ என்னவோ.  வாயைத் திறந்தேன், திறக்காமலே இருந்திருக்கலாம்.

“அவங்க அன்னைக்கு அப்படித்தான் சொன்னாங்க மேடம்” என்றேன்.

அவர் என்னை மறுக்கவில்லை. பொம்மையை ஜன்னலில் திரும்ப வைத்துவிட்டு, எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றப் போனார். எனக்கும் ஒரு கோப்பை வந்தது. சீனி வழக்கம்போல் இரண்டு கரண்டி போட்டிருந்தார்.

அந்தப் படம் இப்போது சீகிரியா ஹோட்டல் ஒன்றின் முன்மண்டபத்தில் ஓடுகிறது, போன மாதம் போனபோது நின்று பார்த்தேன். மெஷின் போய்ச் சேர்ந்த வேறொரு தோட்டத்தில் ஓர் ஆள் அந்த வரியைக் கண்கலங்கச் சொல்கிறார். நடுநடுவே உளி பிடித்த இரண்டு கைகள் வருகின்றன. இவருடைய கைகள்தான். சீவல் ஒரே இழையாகச் சுருண்டு விழும் இடத்தில் ஒரு வெள்ளைக்காரர் கைதட்டினார்.

மெஷினை எடுக்க லொறி போன நாளில் நானும் போக வேண்டியிருந்தது. கையளிப்புக் கடிதத்தில் அவரிடம் ஒப்பம் வாங்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் தமிழ் டைப் அடிக்க ஆள் இல்லை, தமிழ்க் கடிதம் எல்லாம் என் கையெழுத்தில்தான் போகும். இந்தக் கடிதமும் அப்படித்தான். மேலே காரணம், கீழே பொருட்களின் பட்டியல். ஒரு வருஷமாக மெஷின் வேலைக் கணக்கு எழுதும் கொப்பியில் தினமும் என் கையெழுத்தைப் பார்த்தவர் அவர். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்தார், தமிழை மெதுவாக எழுத்துக் கூட்டி வாசிப்பார்.

மெஷினை நான்கு பேர் தூக்கி லொறியில் வைத்தார்கள். ஜன்னலில் இருந்த பொம்மையையும் பட்டியலில் இருக்கும் சாம்பிள் என்று சொல்லி ஒருவன் எடுத்துப் பெட்டிக்குள் போட்டான். நான் தடுக்கவில்லை. அவர் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே பழைய வாங்குப் பலகையில் உட்கார்ந்து கடிதத்தை வாங்கினார். கீழேயிருந்து வாசிக்கத் தொடங்கினார். மெஷின் ஒன்று. உளி ஆறு. அரக்குக் குச்சி, மிச்சம் உள்ளது. ராஜா பொம்மை ஒன்று.

“பேனையக் குடுங்க தம்பி” என்றார்.

ராஜா என்ற சொல்லின் மேல் நேராக ஒரு கோடு போட்டார். அதன் மேலே, ஒவ்வோர் எழுத்தாக, ‘கான் வெட்டுனவர்’ என்று எழுதினார். இடம் போதவில்லை, கடைசி எழுத்து ஓரத்தில் மடங்கி இறங்கியது. பிறகுதான் மேலே இருந்த காரணத்தை வாசித்தார். பயனாளி தமது குடும்பத் தொழில் குறித்து உண்மைக்குப் புறம்பான தகவல் வழங்கியமையால். இரண்டு தடவை விரலை வைத்து வாசித்தார்.

“நான் பொய் சொன்னேன்னு எழுதியிருக்கு.”

நான் லொறியைப் பார்த்தேன்.

“யாரு தம்பி எழுதுனது?”

“ஆபீஸ்ல எழுதினதுக்கா” என்றேன். “எனக்குத் தெரியாது.”

அவர் கடிதத்தைப் பார்த்தார். என் கையெழுத்து வரிவரியாக அதில் கிடந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவர் திட்டுவார், அழுவார், அந்தக் காரணத்தையும் ஒரு கோடு போட்டு அடித்துவிடுவார் என்று நான் காத்திருந்தேன். பேனா அவர் கையில்தான் இருந்தது.

“அப்படியும் வச்சுக்கலாம்” என்றார்.

அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. அடையாள அட்டையில் இருக்கும் அந்தத் தப்பான பெயரை எழுதி ஒப்பம் வைத்தார், பேனாவை மூடி என் சட்டைப் பையில் செருகினார், கைக்காசு வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டுவரத் தோட்டத்து ஆபீஸ் பக்கம் நடந்து போனார்.